ஆபத்தண்ணையும் முதலாம் எதிரியும்

உலகத்திலேயே அதிக சட்டத்தரணிகளைச் சாவிலிருந்து காப்பாற்றியவர் யார் என்று கேட்டால், முல்லைத்தீவில் நீதிமன்ற வாசலில் ஓட்டோ ஓட்டிய ஆபத்தண்ணைதான் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவருக்கும் அந்த விஷயம் தெரியாது என்பதுதான் சின்னக் குறை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. ஓட்டோவின் பின்சீற்றுக்குப் பின்னால், மழை படாமல் பொலித்தீன் பையில் சுற்றி, கிழிந்த மர்ம நாவல்களை அடுக்கி வைத்திருப்பார். எல்லா மர்ம நாவலும் அவருக்குச் சரிவராது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவரை யாராவது கொல்லத் துரத்தவேண்டும். துப்பறிவாளரைத் துரத்தினால் புத்தகத்தை மூடிவிடுவார்.

“துப்பறியிறவனிட்டைச் சுடத் துவக்குக் கிடக்கு, தங்கச்சி. அப்புக்காத்திட்டை என்ன கிடக்கு? ஒரு கறுப்புக் கோட்டு. அதையும் வெக்கைக்குக் கழட்டிக் கையிலை வைச்சிருக்கிறியள்.”

சட்டத்தரணி என்ற சொல் அவர் வாயில் வராது. பழைய காலத்து அப்புக்காத்துத்தான்.

நான் அப்போது சட்டத்தரணியாகப் புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு, தண்ணீரூற்று என்ற பக்கத்து ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் அவருடைய ஓட்டோவில்தான் நீதிமன்றம் போவது. போவது என்றால், நேராகப் போவதில்லை.

“ஒவ்வொரு நாளும் ஒரே ரோட்டாலை போன அப்புக்காத்து ஒருத்தரும் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேரேல்லை,” என்பார். அதனால் ஒருநாள் வயல் ஒழுங்கையால், ஒருநாள் குளக்கட்டால், ஒருநாள் யாருடையவோ தென்னங்காணிக்குள்ளால். காணிக்காரர் பல்லுத் தீட்டியபடியே எங்களுக்கு வழிவிடுவார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பயணங்கள் பிடிக்கும். மார்கழிப் பனிப்புகாரில் வயல் எது வானம் எது என்று தெரியாது. ஓட்டோ மிதப்பதுபோலப் போகும். அவர் திரும்பிப் பார்க்காமல், வாசித்த கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். “அப்ப அப்புக்காத்து கதவைத் திறக்கிறார். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. ஆனா கதிரை ஆடுது...” பாதி நித்திரையில் இருக்கும் எனக்கு, கதவைத் திறந்தது நானா, கதையில் வந்தவரா என்று குழம்பிவிடும். குளத்துக்கு மேலால் கொக்குகள் சத்தமில்லாமல் போகும். நீதிமன்ற வாசலில் யாரோ என்னை உலுப்பி இறக்கிவிட்டது போலிருக்கும்.

தேத்தண்ணி விஷயம்தான் பொறுக்கமுடியாதது. கடையில் எனக்கு வாங்கும் பிளேன்ரீயை முதலில் அவர் குடித்துப் பார்ப்பார். நஞ்சுச் சோதனை. ஒரு மிடறு காணாதாம். “சில நஞ்சு அடியிலைதான் நிக்கும், தங்கச்சி,” என்று ஒருநாள் வெறும் கோப்பையைக் கையில் தந்தார்.

இவ்வளவு வாசித்தவருக்கு ஒரேயொரு சொல் தெரியாமல் போயிற்று. எங்கள் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதான் சொல்வோம். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று கூப்பிடுவார்கள். ஆபத்தண்ணை வாசலோடு நிற்பவர். உள்ளே கால் வைத்ததில்லை. அவருடைய சட்ட அறிவெல்லாம் கடல் கடந்து வந்த நாவல்களில் படித்தது.

ஒருநாள் எனக்கு ஒரு மீனவரின் வழக்கு. பக்கத்து மீன்வாடிக்காரரின் வலையைக் களவெடுத்தார் என்று குற்றச்சாட்டு. போன வழக்குத் தவணை மாதா கோயில் திருநாளில் வந்ததால் மனிதர் கோயிலுக்குப் போய்விட்டார். பிடியாணை பிறந்துவிட்டது. இன்று நான் அவருக்காக எழும்பிக் கதைத்தால் வீட்டுக்குப் போவார். இல்லையென்றால் மறியல், சிறைதான். பாதி வழியில் என் சீனியரின் கிளாக்கர் கைபேசிக்குக் கோல் எடுத்தார்.

“முதலாம் எதிரி வந்திட்டாரோ?” என்று கேட்டேன். “விடியத் தொடக்கம் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாரோ? ஓம், ஓம். ஆளை அசைய விடாதேங்கோ. இண்டைக்கு எப்பிடியும் முடிச்சுப்போடுவம்.”

ஓட்டோ சட்டென்று திரும்பித் தேக்கங்காட்டுக்குள் புகுந்து நின்றது. ஆபத்தண்ணை இரண்டு பக்கமும் மழைச்சீலையை இழுத்துவிட்டார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்?”

“சத்தம் போடாதேங்கோ. எதிரி பாத்துக் களைச்சுத் திரும்பிப் போகட்டும்.”

பெரிய தேக்கிலைகளுக்கு ஊடாக வெளிச்சம் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. சருகு விழுவதும் கேட்டது. வேறொரு நாளென்றால் அப்படியே கண்ணயர்ந்திருப்பேன்.

“ஐயோ அண்ணை, எதிரி என்ரை ஆள்!”

அவர் மெல்லத் திரும்பினார். “நீங்கள்... எதிரியின்ரை ஆளோ?”

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் வில்லி யாரென்று கண்டுபிடித்த முகம். இறங்கிச் சற்றுப் பின்னாலும் போனார்.

“எதிரி எண்டா வழக்கிலை மாட்டுப்பட்ட மனிசன், அண்ணை. அவருக்காகக் கதைக்கத்தான் போறன். நான் போய் எழும்பாட்டி அந்தப் பாவத்தை மறியலிலை போட்டிடுவினம்!”

“எழும்பாட்டியோ?” என்றார். முகம் வாடிப்போயிற்று. ஏறி உட்கார்ந்தவர், நான் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக நேர் ரோட்டைப் பிடித்தார். கோர்ன் அடித்த அடியில் ரோட்டில் நின்ற மாடுகள் எல்லாம் வயலுக்குள் இறங்கின. எந்த வில்லனாலும் அன்று எங்களைப் பிடித்திருக்க முடியாது.

கோட்டை மாட்டியபடி உள்ளே ஓடினேன். முதலாம் எதிரி கூண்டில் நின்றார். மெலிந்த மனிதர், கழுத்தில் செபமாலை, கண் இரண்டும் கதவில். இவருக்காக யார் தோன்றுகிறீர்கள் என்று நீதவான் கேட்டு முடிக்கமுதல் எழும்பிவிட்டேன். பிடியாணையை நீதவான் நீக்கிவிட்டார். மனிதர் என்னைக் கும்பிட்டுவிட்டு, கடற்கரைப் பக்கம் வேகவேகமாக நடந்தார்.

வாசலில் ஆபத்தண்ணை ஓட்டோவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“எழும்பினனீங்களோ?”

“எழும்பினனான், அண்ணை. ஆளை விட்டாச்சு.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

“என்ரை தம்பியை வவுனியாவிலை காட்டுமரம் தறிச்சதெண்டு ஒரு வழக்கிலை பிடிச்சவங்கள், தங்கச்சி. அப்புக்காத்து கட்டாயம் வாறன் எண்டவர். நான் வாசலிலை நிண்டு ரோட்டையே பாத்துக்கொண்டு நிண்டனான். வரேல்லை. தம்பிக்கு ஒருத்தரும் எழும்பேல்லை. மறியலாலை வந்தவன் இண்டைவரைக்கும் ஆரோடையும் பெரிசாக் கதைக்கிறேல்லை.”

நான் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டேன். அவர் தொடர்ந்தார்.

“அந்த அப்புக்காத்து நல்ல மனிசன். சும்மா வராமல் விடுற ஆள் இல்லை. வழியிலை ஏதோ ஆபத்து வந்திருக்கும், என்ன?”

அந்தச் சட்டத்தரணி மறந்திருக்கலாம். வேறு பெரிய வழக்குக்குப் போயிருக்கலாம். என் தொழிலில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

“ஓம் அண்ணை, கட்டாயம் வந்திருக்கும்,” என்றேன்.

என்னிடம் சாட்சியும் இல்லை, சான்றும் இல்லை. ஆனால் ஆபத்தண்ணைக்காக எந்த நீதவானுக்கு முன்னாலும் எழும்பி நின்று அதையே சொல்வேன்.