அட்டையில் ஒன்பது பேர்

"ரிப்போர்ட் அட்டையில என் பேரும் வரணும் சார்," என்றாள் பெர்சிஸ்.

டாக்டர் சாந்தகுமார் கையிலிருந்த பிஸ்கட் டீயில் ஊறி, உடைந்து, பாதி உள்ளே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அட்டெண்டர் காசி அவளுக்குச் சொல்லியிருந்தார். "லேட்டா வாம்மா, சார் மன்னிச்சிடுவாரு. ஃபைல தொலைச்சிடு, அதையும் மன்னிச்சிடுவாரு. பேரு மட்டும் கேட்டுடாத. முன்னாடி இருந்த பொண்ணு கேட்டுச்சு. அது நாற்காலியிலதான் இப்ப நீ குந்தியிருக்க."

மனிதப் படைப்பாற்றலுக்கான பல்துறை ஆய்வு மையம் என்பது, வேலூரில் ஒரு கல்லூரி மாடியில் இருந்த பழைய கெமிஸ்ட்ரி ஸ்டோர் ரூம். ஐந்து துறை, இயக்குநர் சாந்தகுமாரையும் சேர்த்து ஐந்து பேராசிரியர்கள், ஒரு மின்விசிறி. மனிதன் எப்படிப் புதிதாக யோசிக்கிறான், அதனால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கண்டுபிடிப்பது மையத்தின் வேலை. 1998 ஜூனில் தொடங்கி ஒரு வருஷத்தில் அவர்கள் கண்டுபிடித்தது, விசிறிக்கு நேர்கீழே யார் உட்காருவது என்பதை மட்டும்தான்.

"படைப்பாற்றல்ங்கிறது தனி ஆளோட சொத்து இல்லம்மா," என்றார் சாந்தகுமார். "அது கூட்டு முயற்சி. முன்னுரையிலயே எழுதியிருக்கோமே."

"அத எழுதினதே நான்தான் சார். கூட்டு முயற்சின்னா அட்டையில அஞ்சு பேர் மட்டும் எப்படி?"

"அவங்கள்லாம் தலை. நீ ஃபீல்டு."

"ஃபீல்டுன்னா?"

"கால்."

பெர்சிஸின் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் தூக்குபவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையதுதான். அதனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அடுத்த மாதம் மெட்ராஸில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். தன் பேரில் அச்சான ஆய்வு ஒன்றாவது இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். இல்லையென்றால் இந்தத் தற்காலிக வேலை முடிந்த மறுநாள், ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிள். அப்பா சொல்லி வைத்துவிட்டார்.

"பேர அப்புறம் பாக்கலாம்," என்று சாந்தகுமார் ஒரு தாள் கட்டைத் தள்ளினார். "முதல்ல இது இன்னான்னு சொல்லு."

அவள் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் தையல் பிரிவில் அறுபது பெண்களிடம் எடுத்த சோதனை அது. 'ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம்? இரண்டு நிமிடத்தில் சொல்க.' அறுபது பேரும் சொல்லிவைத்தாற்போல் மூன்றே பதில் எழுதியிருந்தார்கள். வீடு கட்டலாம். சுவர் எழுப்பலாம். அடுப்பு கூட்டலாம்.

உளவியல் பேராசிரியர் அதற்குள் ஆலை உழைப்பால் கற்பனை வற்றிப்போவது பற்றி இருபது பக்கம் எழுதிவிட்டார். தோல் தொழில்நுட்பப் பேராசிரியர் பசை வாடைதான் காரணம் என்றார். தமிழ்ப் பேராசிரியர் அதை மண்ணின் எளிமை என்றார். செங்கல் விலை ஏறியதாலும் இருக்கலாம் என்றார் பொருளாதாரம்.

"பணம் குடுக்கறவங்க அனுப்பற வெளிநாட்டு நிபுணர் வர்றாரு," என்றார் சாந்தகுமார். "இதப் பாத்தா, நாமளே ரூம்ல உக்காந்து எழுதினோம்னு சொல்வாரு. ஒழுங்கா எடுத்துட்டு வா. அப்புறம் உன் பேரப் பத்தி யோசிக்கலாம்."

மறுநாள் அவள் ஆம்பூருக்கு பஸ் ஏறினாள்.

கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும், முதல் லைனில் தைக்கும் முத்துமாரியைப் பிடித்தாள். முத்துமாரிக்கு முப்பத்தைந்து வயது. அந்த அறுபது பேரும் எதற்கும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"ஏன்க்கா எல்லாரும் மூணே எழுதினீங்க?"

"நீ இன்னாத்துக்கு மிஸ்ஸு வாட்ச் எடுத்தாந்த?"

"எந்த வாட்ச்?"

"கழுத்துல மாட்டிக்கினு வந்தியே, ஸ்டாப் வாட்ச். அத எவன் எடுத்தாந்தாலும் நாங்க மெதுவாத்தான் செய்வோம். இன்னிக்கு ஜாஸ்தி தச்சுக் காட்டினா நாளைக்கு டார்கெட்ட ஏத்திடுவாங்க. மூணு போதும்னு முதல் லைன்ல முடிவாச்சு. தண்ணி குடிக்கப் போனவ கடைசி லைன் வரைக்கும் சொல்லிட்டா."

பெர்சிஸுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சூப்பர்வைசர் ரெனால்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருத்தியும் உதட்டை அசைக்காமல், அறுபது பேர் பேசி முடித்திருக்கிறார்கள். அவர்களுடைய கற்பனை வற்றிவிட்டது என்று வேலூரில் ஒருத்தர் இருபது பக்கம் எழுதியிருக்கிறார்.

"இந்தத் தடவ வாட்ச் இல்லக்கா. டார்கெட்டும் இல்ல. எவ்ளோ தோணுதோ எழுதலாம்."

"எவ்ளோ வேணா?"

"எவ்ளோ வேணா."

"எதப் பத்தி வேணா?"

"செங்கல்லப் பத்தி," என்றாள் பெர்சிஸ்.

'மட்டும்' என்று சேர்த்துச் சொல்ல அவள் தவறிவிட்டாள். ஆளுக்கு நாற்பது பதில் வந்தது. அவற்றில் முக்கால்வாசி ரெனால்டைப் பற்றியவை. அவருடைய பைக் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கலாம், கிளம்பும்போது சொல்லாமல் விடலாம். பொடித்து அவருடைய டிபன் பாக்ஸில் மிளகாய்ப்பொடியோடு கலக்கலாம். ஜரிகைத் தாள் சுற்றி அவர் கல்யாணத்துக்கு மொய்யாக வைக்கலாம். கடைசி லைன் ஜஹீருன்னிசா, செங்கல்லுக்கு ரெனால்ட் என்று பேர் வைத்து, தினமும் அதன்மேல் நின்று குதிகால் தேய்க்கலாம் என்று படம் வரைந்து காட்டியிருந்தாள்.

சாந்தகுமார் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அபாரம். இதான் அசல். அப்படியே பின்னிணைப்புல போட்டுடு. பேரு, டோக்கன் நம்பரோட."

"பேரோட போட்டா அறுபது பேருக்கும் வேல போய்டும் சார்."

"ஆதாரம் இல்லாம நிபுணர் எப்படிம்மா நம்புவாரு?"

"அப்ப அவங்க பேரெல்லாம் வரும். என் பேரு வராது."

"அவங்க பதில் சொன்னவங்க. நீ கேள்வி கேட்டவ. கேள்வி யார் வேணா கேக்கலாம்மா."

"யார் வேணா கேக்கற மாதிரி கேட்டப்ப மூணு பதில்தான் சார் வந்துச்சு. நான் வாட்ச் இல்லாம மாத்திக் கேட்டப்பதான் நாப்பது வந்துச்சு."

"கமிட்டி இருக்கு. கமிட்டியக் கேளு," என்று அவர் கழன்றுகொண்டார்.

அவள் கமிட்டியைக் கேட்டாள். ஒவ்வொருவராக, அவரவர் அறைக்குப் போய், இரண்டே விஷயம். அந்தப் பெண்களின் பேரை எடுங்கள், என் பேரைப் போடுங்கள்.

உளவியல், பேர் கேட்பது குழந்தைப் பருவக் குறையின் அடையாளம் என்று ஆறுதல் சொன்னார். தமிழ்ப் பேராசிரியர், "உன் பேரைப் போட்டுட்டு முதல்வர் பேரைப் போடலேன்னா மரியாதையா இருக்காதே" என்று கவலைப்பட்டு, முதல்வர் பேரைச் சேர்த்துவிட்டார். முதல்வர் கூச்சப்பட்டு, தாளாளர் பேரைச் சேர்க்கச் சொன்னார். தாளாளர், தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றியது தன் மனைவி என்று நினைவூட்டினார். பொருளாதாரம், தாளாளரின் மகன் அமெரிக்காவில் இருப்பதால் அவன் பேரும் இருந்தால் 'சர்வதேச ஆய்வு' என்று போட்டுக்கொள்ளலாம் என்று வழி சொன்னார்.

புதன்கிழமை சாயந்திரம் லாங் பஜாரில் ஷஹீன் பானுவின் டிடிபி கடையில் அட்டையைத் திருத்த உட்கார்ந்தபோது, அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். பெர்சிஸ் இல்லை.

"பேஜாரா கீதுடி," என்றாள் ஷஹீன் பானு. அவள் பெர்சிஸோடு கல்லூரியில் ஒரே பெஞ்சு. "பேரு ஏற ஏற எழுத்து சின்னதாவுது. இன்னும் ரெண்டு சேந்தா பேன் மாதிரி ஆயிடும். நீ எங்கடி இருக்க இதுல?"

"இப்ப எங்கயும் இல்ல."

"ஒருத்தர எடுத்துட்டு உன்னப் போட்டுடட்டா? யாருக்குத் தெரியும்?"

"நம்ம எடுக்கக் கூடாது," என்றாள் பெர்சிஸ்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆம்பூர் போனாள். அந்தப் பெண்களின் பேர் அச்சில் வரப்போவதை அவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால், தானும் அட்டையில் உள்ள ஒன்பது பேரும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. சாப்பாட்டு நேரம் முழுக்க அவர்களோடு உட்கார்ந்துவிட்டு, சாயந்திரம் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை மையத்துக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. காசி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அறுபது கையெழுத்துப் போட்டிருந்ததால், கடிதத்தைவிடக் கையெழுத்துகள் நீளம். சாந்தகுமார் உரக்கப் படிக்க ஆரம்பித்து, போகப்போகக் குரலைத் தாழ்த்தினார்.

'நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசியதைப் பேரோடோ பேர் இல்லாமலோ புத்தகமாக அச்சிட்டால், அட்டையில் யார் யார் பேர் இருக்கிறதோ, அவர்கள் ஒவ்வொருவர்மீதும் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போடுவோம். எங்களில் பாதிப் பேர் குடியாத்தம் பக்கம், சிலர் கலவைப் பக்கம். அவரவர் ஊர்க் கோர்ட்டில் போடுவோம்.'

பொருளாதாரப் பேராசிரியர் விரலை மடக்கினார். அந்த மையத்தில் அவர் போட்ட முதல் கணக்கு அதுதான்.

"அறுபது பேர். நாம ஒம்பது பேர். ஐந்நூத்தி நாப்பது கேஸ்."

"எனக்கு சர்க்கரை இருக்கு," என்றார் தமிழ்ப் பேராசிரியர். "கலவைக்கெல்லாம் பஸ்ல போக முடியாது."

"ரிப்போர்ட்டே வேணாம்னு விட்டுட்டா?" என்றார் உளவியல்.

"எப்படி விடறது? இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள ரிப்போர்ட் போகலேன்னா மையத்த மூடிடுவாங்க. ரிப்போர்ட் வரணும்," என்று நிறுத்தினார் சாந்தகுமார். "ஆனா அட்டையில..."

முதலில் தோல் தொழில்நுட்பம் விலகினார். தான் பசை வாடையைப் பற்றி ஒரு பத்திதான் எழுதியதாகவும், அதையும் யோசிக்காமல் எழுதியதாகவும் சொன்னார். உளவியல் இருபது பக்கத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார். முதல்வர், தாளாளர், தாளாளரின் மனைவி மூவரும் ஒரே போன் காலில் விலகினார்கள். மகன் அமெரிக்காவிலிருந்து ஈமெயிலில் விலகினான். தன் பேர் சேர்ந்ததே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

தமிழும் பொருளாதாரமும் தங்கள் பேரைத் தாங்களே அடித்தார்கள். கடைசியில் சாந்தகுமார் மட்டும் மீந்தார்.

"நான் எப்பவுமே வழிகாட்டிதான்," என்றார். "வழிகாட்டிப் பலகையில பேரு இருக்காது."

"அப்ப யாரு எழுதினதுன்னு போடறது?" என்றார் பொருளாதாரம். "ஆள் இல்லாத ரிப்போர்ட்ட வாங்க மாட்டாங்களே."

எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். பெர்சிஸ் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியர்கள் கூடும்போதெல்லாம் அவளுக்கு அங்கேதான் இடம்.

"நீதானேம்மா ஆசப்பட்டுக் கேட்ட," என்றார் சாந்தகுமார் கனிவாக. "உழைச்சவ நீ. உன் உரிமைய நாங்க பறிக்கலாமா?"

"எழுதிக் குடுங்க சார்."

"இன்னான்னு?"

"இந்த ஆய்வு முழுக்க நான் செஞ்சது, எழுதினது. உங்க யாருக்கும் பங்கு இல்ல. எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்குக் கோர்ட்டுல காட்டணும் இல்ல?"

கோர்ட் என்ற சொல் கேட்டதும் பேனா மூடிகள் கழன்றன. கையெழுத்துக்காக அப்படி ஒரு வேகத்தை அந்த மையம் அதுவரை பார்த்ததில்லை. சாந்தகுமார் தேதி போட்டு முத்திரையும் குத்தினார்.

"பின்னிணைப்பு பக்கத்த எடுத்துடறேன் சார். யார் பேரும் டோக்கன் நம்பரும் வராது."

"என்ன வேணா செய். என்னக் கேக்காத. நான் இதுல இல்ல."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதே பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். ராஜினாமா. நேற்றைய தேதி போட்டிருந்தது.

"இன்னாம்மா இது, கேஸுக்கு பயந்துட்டியா?" என்றார் அவர், பாதி நிம்மதியாக.

"இல்ல சார். கால் போகுது. தலையெல்லாம் இங்கயே இருக்கட்டும்."

படியில் காசி நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லூரி கேட்டைத் தாண்டியதும் பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தம் சேர்ந்து நடந்தது. முத்துமாரி. கையில் டிபன் பை, தலைவலி என்று சொல்லி வாங்கிய அரைநாள் லீவு.

"இன்னா மிஸ்ஸு, எடுத்துட்டாங்களா?"

"ஒம்பது பேரும்."

பஸ் ஸ்டாண்டை நோக்கி இருவரும் நடையை எட்டிப் போட்டார்கள். முத்துமாரி பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பெரிய மனுஷன் தன் பேரத் தானே அழிக்கறதுக்கு எத்தன வழின்னு அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல எங்களக் கேட்டியே, முப்பத்தெட்டு சொன்னோம் இல்ல. அதுலயே மரியாதையானதப் பாத்து எடுத்துட்ட, மிஸ்ஸு."