இடது பக்கம் மட்டும் திரும்பிய கார்

கார் சீட்டுக்கு உறை தைக்கிறவளுக்குக் காரைப் பற்றி எல்லாமே தெரியும் என்று நம்பிய ஆள் திருத்தணியில் ஒருத்திதான் இருந்தாள். அது நான்தான். அரக்கோணம் ரோட்டில் என் கடை. எந்த வண்டி வந்தாலும் உட்காருகிற இடத்தைத் தாண்டி எனக்கு அதில் வேலை கிடையாது. ஆனாலும் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், "கார் லைன்ல இருக்கேன்" என்று கெத்தாகச் சொல்வேன். (கேக்கிறவங்க அடுத்த கேள்வி கேக்காத வரைக்கும் நமக்கென்ன?)

நைனா நிஜமாகவே கார் லைனில் இருந்தவர். சொந்த அம்பாசிடரை டாக்ஸியாக ஓட்டி, சாமி கும்பிட வருகிறவர்களை மலைக்கு ஏற்றி இறக்கியே எங்களை வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதே வண்டி எங்களை ஏற்றிக்கொண்டு சபைக்குப் போகும். "நாம ஏசு பேரைச் சொல்லிச் சாப்பிடறோம், அரிசி வாங்குறது முருகன் தயவுல" என்று அம்மா கிண்டல் செய்வாள். நைனா மறுக்கவே மாட்டார்.

அவருக்கு முதுகுத்தண்டில் கட்டி என்று தெரிந்த அன்றைக்கு, வேலூர் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, மாசக்கணக்குதான் என்றார். நைனாவிடம் மட்டும், "இனிமே குலுங்குற வண்டியில போவக்கூடாது பெரியவரே" என்று சொன்னார். அழுது முடித்துவிட்டு வெளியே வந்தால், நைனா பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"எஸ்தரு, குலுங்குற வண்டியிலதான் போவக்கூடாதுன்னாரு. குலுங்காத வண்டின்னா போலாம்ல?"

என் தங்கச்சி ஜாய்சுக்கு அப்போதுதான் பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. நைனாவின் கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெண்ணைத் தன் வண்டியில், தானே ஓட்டிக்கொண்டு போய் சபை வாசலில் இறக்கிவிட வேண்டும். அவர் வாழ்க்கையில் எங்களிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அதுதான். மறுபடி டாக்டரிடம் போய் நின்றோம். கிட்டத்தில் என்றால், மெதுவாக என்றால், குலுங்காது என்றால் போகட்டும் என்று மனசு இறங்கினார்.

அந்த வண்டியோ எறும்பு மேல் ஏறினாலும் தூக்கிப்போடும். அரக்கோணத்து மெக்கானிக் பாஷாதான் வழி சொன்னார். பழைய முன்பக்க சஸ்பென்ஷனை மொத்தமாகக் கழற்றிவிட்டு, பழைய கார்களுக்கென்றே வெளியில் செய்து விற்கிற புது செட்டைப் போடலாம். சுருள் ஸ்பிரிங், புது ஷாக், எல்லாம் சேர்ந்தே வரும். வாங்கினோம். பாஷாவும் எங்கள் வீட்டு முற்றத்தில் வண்டியைக் கல்லடுக்கின் மேல் தூக்கி நிறுத்தி, அழகாகப் பூட்டிக் கொடுத்தார். ஒரே ஒரு சிக்கல். உள் மட்கார்டு என்று ஒன்று உண்டு. சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கிற தகடு. புது ஸ்பிரிங் வந்து உட்கார்ந்த இடம் பழைய தகட்டின் இடம். அதைத் திருப்பி மாட்ட வழியில்லை. மாட்டாமல் விட்டாலோ மழைக்காலத்தில் ரோட்டுச் சேறு முழுக்க இன்ஜினுக்குள் போய் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

"புதுத் தகடு நான் வெட்டிக்கிறேன்" என்றேன். பாஷா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெக்சினே வெட்டுறேன், தகரத்தை வெட்ட மாட்டேனா?" என்று கேட்டேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும். மெஷின் கைவசம் இருந்தது.)

பாஷாவுக்கு மெட்ராசில் அவசர வேலை. கிளம்பிப் போனவர், ரயிலில் இருந்து போன் செய்தார். இரைச்சலுக்கு நடுவே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்:

"அக்கா, உக்கார வெச்சி அளவு எடு. மறந்துடாத. உக்கார வெச்சித்தான் எடுக்கணும்!"

"ஆங், தெரியும்ப்பா" என்றேன்.

எனக்குத் தெரியாதா? என் தொழிலில் முதல் பாடமே அதுதானே! சீட்டுக்கு உறை தைப்பதென்றால், வண்டிக்காரரை அதில் உட்கார வைத்து, பஞ்சு எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துத்தான் அளவு எடுப்போம். பாஷா சொன்னது வேறு. வண்டியைக் கல்லிலிருந்து இறக்கி, அதன் கனமெல்லாம் சக்கரத்தின் மேல் வந்து, ஸ்பிரிங் அமுங்கி, வண்டி உட்கார்ந்த பிறகு அளவு எடு என்கிறார். நானோ ஆளை உட்கார வைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே நைனாவை உட்கார வைத்தேன்.

வண்டி கல்லின் மேல், சக்கரங்கள் அந்தரத்தில். நானும் அம்மாவும் ஜாய்சும் ஸ்டூல் போட்டு, தலையணை வைத்து, அவரை டிரைவர் சீட்டில் ஏற்றினோம். அவர் ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தல்லவா ஏறினார்! உயரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, தேர் மேல் சாமி மாதிரி தெருவைப் பார்த்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்றார்கள்.

"இன்னாங்க, எந்த ஊருக்கு?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"அளவு குடுத்துகினு கீறேன்" என்றார் நைனா, கம்பீரமாக.

நான் கீழே படுத்து அட்டையை வைத்து வரைந்தேன். கல்யாணப் பத்திரிகை வந்த பெட்டியின் அட்டை. இடது பக்கத்துக்குத் தாராளமாக இருந்தது. உறை தைக்கிற பழக்கத்தில் இடைவெளியே இல்லாமல், முன்பக்கம் நன்றாகப் புடைத்து நிற்கும்படி வெட்டினேன். வலது பக்கத்துக்கு அட்டை பற்றவில்லை, சின்னதாகப் போய்விட்டது. அதற்காக வருத்தம் வேறு பட்டேன். நைனா மேலே எதையோ பேசிக்கொண்டே இருந்தார். கியரைத் தள்ளினார், ஹாரனை அழுத்தினார், மலைப்பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், ஸ்டீரிங் மேல் கையை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தார். வலி வந்ததிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்ப மனசு வராமல், பொழுது சாய்கிற வரைக்கும் அளவு எடுப்பதுபோல் பாவலா செய்துகொண்டு கீழேயே கிடந்தேன்.

தகட்டை வெட்டி, ரிவெட் அடித்து இறுக்கினேன். அதோடு விட்டேனா? யாருமே பார்க்கப் போகாத அந்தத் தகட்டின் ஓரத்துக்கு, சீட்டு விளிம்புக்கு வைப்பதுபோல், மெரூன் ரெக்சினில் பைப்பிங் கரை வேறு வைத்தேன். வண்டியை இறக்கி வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டியும் பார்த்தேன். வாசலில் இடது, தெருமுனையில் இடது, கோடியில் இடது, மறுபடி இடது, வீடு வந்துவிட்டது. பூ மாதிரி போனது. எல்லாமே இடது திருப்பம் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

கல்யாண நாளைக் குறித்தது மாப்பிள்ளை வீட்டார். சபைக்காரர்கள் நாங்கள், பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அதனால் அன்றைக்குக் கிருத்திகை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஊரே காவடியும் மொட்டைத் தலையுமாக நிரம்பி வழிந்தது. நைனா கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். பின்னால் வெள்ளைப் பட்டில் ஜாய்ஸ், அவள் முக்காடு கசங்காமல் பிடித்துக்கொண்டு அம்மா. சபை பக்கத்தில்தான். மெயின் ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் பாட்டுச் சத்தம் கேட்கும்.

நைனா வலது பக்கம் திருப்பினார். 'கர்ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். ரப்பர் கருகிய வாசனை. ஸ்டீரிங் அதற்கு மேல் நகரவில்லை. உட்கார்ந்த வண்டியில் இடது டயர் மேலேறி, திரும்பும்போது அதன் முன்னோரம் உள்ளே வந்து, நான் ஆசை ஆசையாகப் புடைக்க வைத்த தகட்டில் சிக்கிக்கொண்டது. பைப்பிங் பிய்ந்து கோவணம் மாதிரி வெளியே தொங்கியது.

"எஸ்தரு," என்றார் நைனா. "ஜம்முனு போவுதும்மா. திரும்பத்தான் மாட்டேங்குது."

இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் தகட்டை அடித்து வளைக்கலாம் என்றால் டிக்கியில் ஜாக்கி இல்லை. குலுங்கிச் சத்தம் போடுமே என்று ஜாக்கி, ஸ்பேனர், சுத்தி எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்தவளும் நான்தான். அம்மா மெதுவாக, "ஒரு ஆட்டோ புடிச்சிடலாமா?" என்றாள். நைனா ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை மடிக்கு வந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. செத்துப் போய்விடலாம்போல இருந்தது.

ஜாய்ஸ்தான் பேசினாள். "ஆட்டோவும் வாணாம், ஒண்ணும் வாணாம். நைனா ஓட்டிகினு போனாத்தான் எனக்குக் கல்யாணம்."

நைனா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கை மறுபடி ஸ்டீரிங்குக்குப் போனது. "லெப்டு வருதில்ல? அது போதும்."

வலது பக்கம் போக வேண்டுமானால் நேரே போய் இடது, இடது, இடது. சொல்வதற்குச் சுலபம். ஒவ்வொரு சந்திலும் ஏதாவது ஒரு பஸ் நின்றது, விட்டால் அடுத்த சந்து, அடுத்த ரவுண்டு. சுற்றிச் சுற்றி ஒரே டீக்கடை முன்னால் வந்துகொண்டே இருந்தோம். டீக்கடைக்காரர் முதல் தடவை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த தடவை கையைத் தூக்கி சலாம் வைத்தார். அதற்கடுத்த தடவை, கிளாசோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். நைனா வண்டியை நிறுத்தாமலே அதை வாங்கி, ஒரு வாய் குடித்து என்னிடம் நீட்டினார்.

மலையடிவாரத்தில் போலீஸ்காரர் மறித்தார். "யோவ், ரைட்டுல போய்யா! லெப்டுல ஒரே கும்பல்!"

"ரைட்டு வராதுங்க சார்."

"இன்னா வராது? இண்டிகேட்டரா?"

"வண்டியே வராதுங்க."

போலீஸ்காரர் குனிந்து பின் சீட்டில் கல்யாணப் பெண்ணைப் பார்த்தார், தொங்குகிற மெரூன் பைப்பிங்கைப் பார்த்தார், கடைசியில் நைனாவின் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, விசில் ஊதிக் காவடிக் கூட்டத்தை ஒதுக்கி வழிவிட்டார். "அரோகரா!" என்ற சத்தத்துக்கு நடுவே, கோட்டு போட்ட நைனா, முக்காடு போட்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போனார். பின்னால் ஜாய்சும் அம்மாவும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நைனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குலுங்காதீங்கடி, டாக்டரு திட்டுவாரு" என்றார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி கடைசிவரைக்கும் குலுங்கவே இல்லை.

சபைக்குள் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தில் தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்திருந்தார்கள். மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய் நின்றான். நைனா இடது பக்கமாகவே கேட்டுக்குள் நுழைந்து, கதவைத் தானே திறந்து ஜாய்சை இறக்கினார். கைபிடித்து உள்ளே கொண்டு போய் நிறுத்தினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், வீட்டுக்குத் தானே ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துபோனது.

சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "தப்பா அளவு எடுத்துட்டேன் நைனா."

"அது அன்னிக்கே தெரியும்மா. வண்டிய எறக்காம எடுக்குறாளே, சொல்லணும்னுதான் நெனச்சேன். மேல உக்காந்தது சொகமா இருந்திச்சி. கொஞ்சம் கழிச்சி சொல்லிக்கலாம்னு இருந்தேன், தூங்கிட்டேன். அப்பால மறந்தே போச்சி." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "அந்தத் தகட்டை மாத்தாத. இருக்கட்டும்."

அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள் நைனா போய்விட்டார்.

சபையில் ஜெபம் முடிந்து பெட்டியை அமரர் ஊர்தியில் ஏற்றினோம். பின்னால் அம்பாசிடர், நான் ஓட்ட, அம்மாவும் ஜாய்சும் உள்ளே. கல்லறைத் தோட்டத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். ஊர்தி டிரைவர் இண்டிகேட்டர் போட்டுவிட்டார். அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்: "தம்பீ, ரைட்டு வாணாம்ப்பா! அவுரு வண்டி வராது. லெப்டாவே போ!"

அந்தப் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. அழுதுகொண்டிருந்த வண்டிக்குள்ளே பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக அழுதோம். ஊர்வலம் முழுக்க இடது பக்கமாகவே ஊரைச் சுற்றியது. டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு இறங்கி வந்து, நாங்கள் வந்த ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி சலாம் வைத்தார்.

இப்போதும் எங்கள் வீட்டில் ஜாக்கெட் தைத்தாலும் சரி, சாம்பாருக்குப் பருப்பு போட்டாலும் சரி, "உக்கார வெச்சி அளவு எடுத்தியா?" என்றுதான் கேட்பார்கள். நானும் சிரிப்பேன். பாஷா வருஷா வருஷம் வந்து, "அக்கா, அந்தத் தகட்டைக் குடு, ஒழுங்கா அளவு எடுத்து வெட்டித் தரேன்" என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முற்றத்தில் கல் அப்படியேதான் அடுக்கியிருக்கிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தவும் ஆள் இருக்கிறது. யாரை உட்கார வைத்து அளவு எடுப்பது?