ஹாய்ட் வைத்த தீயும் உங்கள் தங்கையின் பைன் லில்லியும்

மே மாதம், ஞாயிறு

அன்புள்ள லாமர் மச்சானுக்கு,

எர்ஸ்கின் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை டெல்ஃபினும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே டல்லஹாசியில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் சீக்கிரம் குறைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பெரிய சோதனை வரப்போகிறது.

இந்தப் பைன் காட்டு நிலத்தை வாங்க டெல்ஃபின் சம்மதித்ததே ஒரு பூவைப் பார்த்துத்தான். ஈரத் தரையில் ஒரே தண்டு, அதன் உச்சியில் வானத்தைப் பார்த்து விரிந்த சிவப்பு லில்லி. நாங்கள் குடிவந்த பிறகு அது தலைகாட்டவே இல்லை. "இந்த வருஷமும் பூக்கலைன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க கொசுவோட குடித்தனம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் வந்து உட்கார்ந்தால் உங்கள் கதி என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அதனால் நான் அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டு, கோழி எரு கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மான் தின்றதோ எலி தோண்டியதோ என்று பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்து, எறும்பிடம் கடி வாங்கி, அந்த லில்லியின் கிழங்கு மண்ணுக்குள் அப்படி என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று சாப்பிடும்போதுகூட யோசித்தேன். பக்கத்து நிலத்து ஹாய்ட், ஊர் வழக்கப்படி தன் காட்டுத் தரையை அவ்வப்போது கொளுத்துகிறவன், என் புதர்களைப் பார்த்து, "என்னப்பா எர்ஸ்கின், தலை வாராம சர்ச்சுக்கு வந்த மாதிரி இருக்கு உன் காடு. ஒரு தீக்குச்சி கிழிச்சுப் போடட்டுமா?" என்றான். "என் வேலிக்குள்ள ஒரு பொறி விழுந்தாலும் உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்துருவேன்" என்றேன். நேற்று நான் மீன் வாங்கப் போன நேரம் பார்த்து அவன் வைத்த தீ என் வேலிக்குள் புகுந்து, எரு, புதர், புல் எல்லாம் கரி. டெல்ஃபின் வாசலில் நாற்காலி போட்டு அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறாள்! "தடுக்கலையாடி?" என்றால், "காத்து இந்தப் பக்கம் அடிச்சுது, நான் என்ன செய்ய?" என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான்.

தெரிந்த வக்கீலோடு உடனே புறப்பட்டு வாருங்கள். இனி ஹாய்ட் முகத்தில் விழிக்கமாட்டேன். ஆண்டவர் உங்கள் குடும்பத்தையும், குறிப்பாக அந்த முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
எர்ஸ்கின்

பி.கு.: செப்டம்பர் ஆகிவிட்டது. ஆயுள் முழுக்க ஊரார் தபாலைச் சுமந்தவன், சொந்தக் கடிதத்தைப் பழைய தபால் பையிலேயே விட்டுவிட்டேன். வக்கீல் வேண்டாம். கரியான அதே இடத்தில் மூன்று லில்லிகள்! ஹாய்ட்டும் வந்து பார்த்தான். "தரையைக் கொளுத்தினாத்தான்யா இது நல்லாப் பூக்கும். நீ இத்தனை நாளும் புல்லுக்கு எருப் போட்டிருக்கே" என்றான். "அப்ப வேணும்னேதான் வச்சியா?" என்றேன். "உன் வீட்டம்மாதான் கூப்பிட்டாங்க" என்றான். உங்கள் தங்கை மறுக்கவில்லை. பூ பூத்துவிட்டதால் அவள் இனி உங்கள் வீட்டுக்கு வரமாட்டாள். ஆனால் நேற்று என் பழைய சாமான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கும் ஒரு தடவை ஹாய்ட்டைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். எதற்கும் ஓர் அறையைக் காலி செய்து வையுங்கள் மச்சான். வருவது நானாக இருக்கும்.