பிலோமி அக்காவின் ஓலைக்கு நான் சொன்ன தடை

புத்தகம் படிக்கிற பெண் ஒரு குடும்பத்துக்கு ஒருத்தி போதும். அதற்கு மேல் தாங்காது. எங்கள் குடும்பத்தில் அந்த ஒருத்தி நான்தான். பதினேழு வயதில் ஒரே ஒரு இங்கிலீஷ் நாவலைப் படித்துவிட்டு, கூடப் பிறந்த அக்காவின் கலியாணத்தை நடுக்கோவிலில் நிறுத்தப் பார்த்தவள். இப்போது எனக்கு முன்மயிர் நரைத்துவிட்டது, நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிற இடத்தில் இருக்கிறேன். ஆனாலும் கலியாண வீட்டில் நான் சும்மா தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரப்பர் விலை விழுந்து, துரைமார்களே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிய சமயம். அப்படிக் கிளம்பிய ஒரு துரைசானி வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அப்பா போய் ஒரு கம்பிவலை அலமாரியை எடுத்து வந்தார், மீன் குழம்பைப் பூனையிடமிருந்து காப்பாற்ற. அதன் அடித்தட்டில் அட்டை போன ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. அப்பா நின்றவாக்கில் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கோவில், பாவம், மனஸ்தாபம், பாதிரியார் என்று இருக்கவே, ஏதோ ஞானவாசகம் போல என்று நினைத்து, தபசுகாலத்துக்கு ஆகும் என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். (பாவம் மனுஷன். அதற்கப்புறம் கடைசிப் பக்கம் வரை பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் வீட்டுக்குள் விட்டதில்லை.)

அது ஞானவாசகம் இல்லை. மகாராணி காலத்து இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் வளர்த்த அநாதைப் பெண்ணின் கதை. ஊர் ஊராகப் போய்க் கோவில் ஆர்கன் பழுது பார்க்கிற ஒருவன்மேல் அவளுக்குப் பிரியம். ஆனால் அவன் சபை வேறு. அவள் சபையில் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள், அவன் சபையில் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். இதற்காக ஊரே இரண்டுபட்டு, ஒருவர் வீட்டில் மற்றவர் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார்கள். (இதைப் படித்தபோது இங்கிலாந்து பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த ஸ்டேஷன் என்றுதான் தோன்றியது.) அவளை ஒரு கம்பளி வியாபாரிக் கிழவனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடாகிறது. கோவிலில் கலியாண அறிவிப்பான ஓலையை வாசித்து, 'தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று கேட்கும்போது, ஆர்கன்காரன் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரே மழை, இருமல், இன்னும் கொஞ்சம் மழை, கடைசியில் ஒருவர் பாக்கியில்லாமல் செத்துப்போகிறார்கள். நான் அழுத அழுகையில் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்தாள். கஷாயத்தைக் குடித்துக்கொண்டே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கோவிலில் வாயை மூடிக்கொண்டிருக்கிறவன்தான் கொலைகாரன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பிலோமி அக்காவுக்கு வரன் வந்தது.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்தவர் சூசைமாணிக்கம், கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டிரெசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாளெல்லாம் டிரெசர்தான் டாக்டர். முன்மண்டையில் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது. அவருடைய அம்மாவும் மாமாக்களும் இரண்டு பக்கமும் காவல் இருக்க நடுவில் உட்கார்ந்திருந்தார். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். நான் கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நாவலில் ஆர்கன்காரன் அவளை முதல்முதல் பார்த்தபோது அரைப்பக்கம் பேசுவான். டிரெசர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார், காபியைப் பார்த்தார், பிறகு, "இங்க கொசு அதிகமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அக்கா, "ராத்திரிக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். கலியாணம் நிச்சயமாகிவிட்டது.

அன்றிலிருந்து அக்கா அழ ஆரம்பித்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பின்பக்கத்து ஜன்னலோரம் நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே பார்ப்பாள். என்னக்கா என்று கேட்டால், "உனக்கு ஒண்ணும் புரியாது, போ" என்பாள். என் நாவலில் அந்தப் பெண்ணும் இதையேதான் சொல்வாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் பின்னால் நின்று பார்த்தேன். தெருவில் ஒரு மெதடிஸ்ட் வாத்தியார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், எண்ணெய் தடவி வாரிய தலை, சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டை. மறுநாளும் போனார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் கத்தோலிக்க ஆட்கள் மெதடிஸ்ட்காரர்களைப் 'பதிதர்', அதாவது வேதம் தவறியவர்கள், என்பார்கள், அவர்களோடு கலியாணப் பேச்சே கிடையாது. எல்லாம் நாவலில் உள்ளபடியே பொருந்தியது. கம்பளி வியாபாரியும் இருந்தார், ஆர்கன்காரனும் இருந்தான். மழைதான் பாக்கி, அதற்கும் பிரிக்பீல்ட்ஸில் பஞ்சமில்லை.

(அந்த மூட்டையில் இருந்தது அவருடைய அழுக்குத் துணி. சலவைக்காரர் வீடு எங்கள் தெருக்கோடியில் இருந்தது. இது எனக்கு மிகவும் தாமதமாகத் தெரியவந்தது.)

எங்கள் கோவிலில் கலியாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். தன் ஓலையைத் தானே கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அதனால் அக்கா விடியற்காலைப் பூசைக்கே போய்விட்டு வந்துவிடுவாள். முதல் ஓலைக்கு யாராவது தடை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. இரண்டாவது ஓலைக்கு அந்த வாத்தியாராவது வந்து வாசலில் நிற்பார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அம்மா தொடையில் கிள்ளினாள். மூன்றாவது ஞாயிறு, நானே தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆளாகிவிட்டேன் என்று புரிந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, தடை தெரிந்தவர்கள் பூசை முடிந்து பாதிரிச் சாமியார் பங்களாவுக்குப் போய்க் காதோடு காதாகச் சொல்ல வேண்டும். அது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சபை நடுவில் எழுந்து நின்று சொல்வது என் நாவலில் வெள்ளைக்காரர்கள் செய்கிற காரியம். எனக்கு அப்போது நாவல்தான் வேதம்.

உபதேசியார் ஓலையை வாசித்தார். அவர் அதை வாசிக்கிறது ரயில் அட்டவணை வாசிக்கிறது மாதிரி இருக்கும். "யாதொரு தடை உண்டென்று அறிந்தவர்கள்" என்று சொல்லி, அடுத்த ஓலைக்குத் தாளைத் திருப்பினார். நான் எழுந்து நின்றேன்.

"தடை இருக்கு."

உபதேசியார் கையில் தாள் அப்படியே நின்றது. ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா என் தாவணியைப் பிடித்துக் கீழே இழுத்தாள், நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். சாமியார் பிரெஞ்சுக்காரர், பாண்டிச்சேரியில் தமிழ் படித்தவர், தாடி நெஞ்சுவரை இருக்கும். அவர் பீடத்தருகேயிருந்து திரும்பி, "என்ன தடை, பிள்ளையே?" என்று கேட்டார்.

நாவலில் இந்த இடத்துக்கு வசனம் இல்லை. ஆர்கன்காரன்தான் வாயே திறக்கவில்லையே. நான் என்னவோ சொந்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அவ்வளவு முகங்களைப் பார்த்ததும் வாத்தியாரின் பெயர் மறந்துபோயிற்று. செந்தமிழில் சொன்னேன்:

"அவளுடைய மனம் மெதடிஸ்டில் இருக்கிறது."

பூசை முடிவதற்குள் பிலோமி அக்கா மதம் மாறிவிட்டாள். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு அங்கே ஞானஸ்நானமே கொடுத்தாகிவிட்டதாகப் பேச்சு. அம்மா அப்பாவுக்கும் சேர்த்துப் பேசினாள். அக்கா மட்டும் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டாள், "யாருடி அந்த மெதடிஸ்ட்?" நான் சைக்கிளைச் சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நின்றுபோன கலியாணத்துப் பெண்ணை அந்தக் காலத்தில் யாரும் திரும்பிக் கேட்டு வரமாட்டார்கள். அதிலும் கோவிலில், சொந்தத் தங்கை வாயால் நின்றால் கேட்கவே வேண்டாம். அக்காவைச் சாவிலிருந்து காப்பாற்றப் போய் அவள் வாழ்க்கையில் நானே மண் அள்ளிப் போட்டிருந்தேன்.

மத்தியானத்துக்குமேல் மெதடிஸ்ட் சபையிலிருந்து இரண்டு அம்மாமார்கள் குடை பிடித்துக்கொண்டு, பாட்டுப் புத்தகமும் வாழைப்பழமுமாக வந்து, எங்கள் மகளை வரவேற்கிறோம் என்றார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், கொடுத்துவிட்டு அழுதாள். அவர்கள் போனதும் அந்த வாத்தியாரே வந்தார். வாசற்படி ஏறவில்லை. தனக்கு சிரம்பானில் பெண் நிச்சயமாகியிருக்கிறது, இந்த வீட்டுப் பெண் பெயர்கூடத் தனக்குத் தெரியாது, வேலைக்கு உலை வைத்துவிடாதீர்கள் என்று அப்பாவிடம் கெஞ்சிவிட்டுப் போனார். அதோடு எங்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

தடை என்று ஒன்று சொல்லிவிட்டால், அது எவ்வளவு அசட்டுத் தடையாக இருந்தாலும், சாமியார் விசாரித்தே ஆக வேண்டும். மறுநாளே அக்காவையும் அப்பாவையும், தடை சொன்னவள் என்ற முறையில் என்னையும் பங்களாவுக்கு வரச்சொன்னார். போனால் டிரெசரும் அவர் அம்மாவும் அங்கே இருந்தார்கள். சேதி எங்களுக்கு முந்தி ரயிலேறிக் கிள்ளானுக்குப் போயிருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும், நான் உபதேசியாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சாமியார் முதலில் என்னை விசாரித்தார். நான் சைக்கிளையும் ஜன்னலையும் சொன்னேன், கொஞ்சம் நாவலையும் சொன்னேன். அவர் தாடிக்குள் எதையோ அடக்கிக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு அக்காவைப் பார்த்து, இந்தக் கலியாணம் உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அப்பா, "சம்மதந்தான் சாமி" என்று ஆரம்பித்தார். சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேக்கல சாமி," என்றாள் அக்கா. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. என் பிள்ளைங்களை விட்டுட்டுப் போகணும், அதான் அழுதேன். அந்த ஜன்னல்ல நின்னா பள்ளிக்கூடத்துக் கூரை தெரியும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை நாளும் அதே ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் அவரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டிரெசர் தொண்டையைக் கனைத்தார். மாமாக்கள் கூட இல்லாததால் அவருக்குப் பேச்சு வந்தது. தங்கள் தோட்டத்தில் கொசுவும் காய்ச்சலும் அதிகம், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு வாயெடுத்ததாகவும், அத்தனை பெரியவர்கள் நடுவில் பாதிக்குமேல் வரவில்லை என்றும் சொன்னார். பிறகு முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்து, "தோட்டத்துல பிள்ளைங்க நிறைய இருக்கு. சொல்லிக்குடுக்கத்தான் ஆளில்ல. துரைகிட்ட ஒரு கொட்டகை கேட்டுப் பாக்குறேன். வருவீங்களா?" என்று கேட்டார்.

அவர் அம்மா, டிரெசர் வீட்டு மருமகள் கூலிக்காரப் பிள்ளைகளோடு போய் உட்காருவதா என்று கேட்டாள். "நான் தினமும் அவங்களோடதானம்மா உட்காருறேன்," என்றார் அவர்.

அக்கா, "வரேன்" என்றாள். இந்தத் தடவை அழவில்லை.

கலியாணம் நடந்தது. துரை கொட்டகை கொடுத்தார், பழைய பால்கொட்டாய்தான், ரப்பர் பால் நாற்றம் கடைசிவரை போகவில்லை. அக்கா அதில்தான் அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். டிரெசர் அத்தான் சிரித்துப் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் அக்கா பாடம் முடித்து வரும்வரை சாப்பாட்டில் கைவைக்கமாட்டார். என் சொந்த ஓலை வாசித்தபோது என்னை வீட்டில் வைத்துப் பூட்டாத குறை. அந்த நாவல் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அம்மா அதைப் பக்கம் பக்கமாகக் கிழித்து மீன் கழுவி வைக்க உபயோகித்தாள். (நல்ல தடிப் புத்தகம், ஒரு வருஷம் வந்தது.)

குடும்பத்தில் ஒரு வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதும், யாராவது ஒருவர் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, "சம்மதமா? இப்பவே சொல்லிடு லா, இல்லாட்டி திரேசு கோவில்ல எழுந்து நிப்பா" என்று கேட்க வேண்டும். எல்லாரும் சிரிப்பார்கள், பெண்ணும் சிரிப்பாள். அந்தத் திரேசு நான்தான், நானும் கூடச் சிரித்து வைப்பேன், வேறென்ன செய்ய?

போன வருஷம் பிலோமி அக்காவின் கடைசி மகளைப் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், நல்ல உத்தியோகம், எங்களுக்கெல்லாம் பரம திருப்தி. வழக்கம்போல அத்தான்தான் அவளைக் கேட்டார், வழக்கம்போல நாங்களும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சின்னம்மா எழுந்து நிக்க வேணாம்ப்பா, எனக்கு இஷ்டமில்ல" என்றாள். அக்கா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்காரர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார்.