நசீறா அடித்த கோலைத் தேடிய படலம்

வெட்டுவதற்கென்றே வரம்பெற்ற வலக்கரத்தாள், ஒட்டுவதில் ஒப்பிலாள், உயர்தர வகுப்பு ஊடகப் பிரிவின் ஒரேயொரு கணினியை ஒருவருக்கும் விட்டுக்கொடாத உடும்புப்பிடியாள், எடித் வாழ்க! கணினி அறையின் காற்றாடியே, சுழன்றாலும் சுழலாமற் கிறீச்சிட்டாலும் நீயே இக்கதைக்குக் காப்பு!

மன்னார்த் தீவின் மணற்பரப்பிலே, பெருநிலத்துப் பெண்களும் தீவுப் பெண்களும் ஒரு தோற்பந்தின் பொருட்டுப் புழுதி விண்முட்டப் பொருத இறுதியாட்டத்தில், பெனால்டி அடித்துப் பகைவென்ற பாவை நசீறா. அவ்வெற்றியை மாணவரே படமாக்கிப் பெற்றார் கூட்டத்தில் அன்று பின்னேரம் காட்டுவரெனப் பாடசாலை முரசறைந்துவிட்டது. நசீறாவின் தாயார் உம்மு ஸல்மாவும் வரவிருந்தார். மாகாண அணியின் பயிற்சி முகாமுக்கு மகளை விடுவதா மறிப்பதா என்பதைப் படம் பார்த்த பிறகே சொல்வதென அவர் ஆணையிட்டிருந்தார். அவருடைய அச்சம் ஒன்றே: "காலை முறிச்சுக்கொண்டு வந்தா ஆரு பாக்கிறது?"

ஆகவே, தாயைக் கனியவைக்கும் கோலொன்று வேண்டி, கைத்தொலைபேசி ஏந்திய கமராவீரன் வலன்ரைன் கொணர்ந்த காட்சிக்கடலுள் மூழ்கினாள் எடித்.

எதிரணி அடித்த கோல் கண்ணாடிபோற் கிடைத்தது. பெருநிலத்து வீராங்கனை ஒருத்தி காலைக் குறுக்கே நீட்ட, நசீறா வெட்டுண்ட வாழையெனக் குப்புற விழுந்த கோரமும், முழங்காலில் ஒட்டிய மணல்வரை, முழுத்திரை அளவிற் கிடைத்தது. அதற்கு நடுவர் கொடுத்த பெனால்டியும் கிடைத்தது. நசீறா பந்தை வைத்தாள், பின்வாங்கினாள், சூறைக்காற்றென ஓடிவந்தாள். அவ்வளவில் திரையிலே தோன்றியது வானம்! அடுத்து ஒரு சோடி செருப்பு! இடப்புறம் ஒரு கழுதை, வலப்புறம் ஒரு பனை, ஈற்றில் ஈரஞ்சொட்டும் இரு உதடுகள், பின் இருள்!

"கோல் எங்கயடா?" என்று முழங்கினாள் எடித்.

"அதுக்குள்ளதான் இருக்கு. வடிவாப் பார்."

"கழுதை இருக்கு. உன்ர செருப்பு இருக்கு. கோல் எங்க?"

"அது... சிலுவை போட்டனான்."

"போனோடயோ?"

"பின்ன? பெனால்டிக்குச் சிலுவை போடாமல் நிக்கேலுமே? அவள் வெளியில அடிச்சிருந்தா ஆரைப் பேசியிருப்பியள்?"

நெற்றிக்குப் போனபோது வானம், நெஞ்சுக்கு வந்தபோது செருப்பு, தோளுக்குத் தோள் கழுதையும் பனையும், விரல்களை முத்தமிட்டபோது இருள், ஐயந்திரிபற விளங்கிற்று. பகைவர் கோலடிக்கையில் அந்தப் பக்தர் செபிக்கவில்லை. ஆதலால் அது பழுதின்றிப் பதிந்திருந்தது!

இவ்வேளையில் மூச்சிரைக்க வந்தாள் நசீறா. "நான் விழுந்ததை வெட்டிவிடடி. உம்மா கண்டாவெண்டா முகாம் சரி, பந்தும் சரி, எல்லாம் முடிஞ்சுது."

தோழிக்காக வாளெடுத்தாள் எடித். ஒரே சொடுக்கில் வீழ்ச்சி மாய்ந்தது. மீள ஓட்டிப் பார்த்தாளோ, நெஞ்சு திடுக்கிட்டாள்! ஒருவரும் ஒருவரையும் தொடாதிருக்க நடுவர் விசிலடிக்கிறார், காரணமேயின்றிப் பெனால்டி, அதன்மேல் கழுதை. தீவின் தங்கமகள் களவாய் வென்றவள்போலத் தோன்றினாள். எதிரணியின் கோலையே நசீறாவின் கோலாக ஒட்டிவிடலாமோ என்றும் ஒருகணம் மாரீசம் நினைத்தாள். சட்டை நிறம் காட்டிக்கொடுத்தது. நட்போ நேர்மையோ என்று கடலும் கரையும் பொருதாற்போல உள்ளம் பொருத, கணினியும் தன்பங்குக்கு இருமுறை உறைந்துநிற்க, விழிநீரை விழுங்கிக்கொண்டு வீழ்ச்சியை மீண்டும் அதன் இடத்தில் நட்டாள் அந்த வெட்டுக்கரசி.

"உண்மையா நடந்ததைத்தான் போடுவன். என்னோட கோவிச்சாலும் பரவாயில்லை," என்றாள். நசீறா கோபித்துக்கொண்டுதான் போனாள்.

பின்னேரம். மண்டபத்தில் கதிரைகள் நிறைந்தன. முன்வரிசையில் உம்மு ஸல்மா வீற்றிருந்தார். திரையில் மகள் வீழ்ந்தாள், தாய் எழுந்தார்! பின்னிருந்தோர் "இருங்கோ, மறைக்குது" என்று ஓலமிட்டும் இருந்தாரல்லர். வானம் வந்தது, செருப்பு வந்தது, கழுதை வந்தது, திரைக்கப்பால் மைதானமே "கோல்! நசீறா! நசீறா!" என்று அலறிற்று. விளக்குப் போட்டார்கள். நசீறா பின்கதவை நோக்கி நழுவினாள். எடித் கணினிக்குப் பின்னே ஒடுங்கினாள். எரிமலையெனச் சிவந்து நின்ற அத்தாய், இடியேறெனப் பிரகடனம் செய்தார்:

"என்ட புள்ளைக்குக் காலைப் போட்டவ ஆரு? அவவும் அந்த முகாமுக்கு வாறாவோ?"

"ஓம் உம்மா, வாறா," என்றது கதவருகே ஒரு ஈனக்குரல்.

"அவவே வாறாவெண்டா நீ ஏன் வீட்டில இருக்கிற? போ! போய் அவவுக்கு முன்னால ஓடிக் காட்டு!"

திசைகள் எட்டும் அதிர்ந்தன. கழுதை நின்ற திசை சற்றுக் கூடுதலாகவே அதிர்ந்தது. மன்னார்க் குடாவின் அலைகளெல்லாம் ஒருசேர எழுந்து ஆர்ப்பரித்தன.

திங்கட்கிழமை நசீறா பஸ்ஸில் முகாமுக்குப் போனாள்.