சம்பிரதாய வீரர்

நாட்டைக் காப்பது வீரம் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். இல்லை ஐயா, நாட்டைக் காப்பது விழா. வீரன் என்றோ ஒரு நாள் உயிரைக் கொடுக்கத் துணிகிறான். விழாக் குழுவினராகிய நாங்களோ கூட்டத்துக்குக் கூட்டம் உயிரைக் கொடுத்துப் பேசுகிறோம். நான் அந்தக் குழுவின் குமாஸ்தா. நாற்காலி, திரைச்சீலை, மைக் ஆகிய முப்படைகளும் என் பொறுப்பில் இருந்தன.

இம்முறை பதக்கத்துக்கு உரியவர் ஒரு சிப்பாய். காயம்பட்ட கூட்டாளியைத் தோளில் போட்டுக்கொண்டு குண்டு மழைக்குள் நடந்து வந்தவர். வரும் வழியில் ஒரு குண்டு வலது முழங்கையைத் துளைத்துவிட்டது. அதிலிருந்து கை மடங்காது. ஒத்திகையில் 'சல்யூட்' என்றதும், பஸ்ஸை நிறுத்துகிறவர் போலக் கையை நேரே நீட்டிக்கொண்டு நின்றார். குழுத் தலைவர் வெலவெலத்துப் போனார்.

அவசரக் கூட்டம் கூடியது. வலக்கையால் சல்யூட் அடிக்காதவருக்குப் பதக்கம் குத்தக் கூடாது என்பது விதி. இடக்கையால் அடிக்கட்டுமே என்று ஓர் உறுப்பினர் உளறினார். எதிரி நாடு சிரிக்காதா என்று தலைவர் சீறினார். திரைக்குப் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கும் யோசனை, முழங்கையின் 'ஒத்துழையாமை' காரணமாகத் தள்ளுபடியானது. கடைசியில் எல்லோருடைய பார்வையும் என்மேல் விழுந்தது. மேலதிகாரிகளைக் கண்டு கண்டு மெருகேறிய சல்யூட் அல்லவா என்னுடையது! 'சம்பிரதாய வீரர்' என்ற பதவி அங்கேயே பிறந்து, ஒருமனதாக என்னிடம் வந்து சேர்ந்தது.

சிப்பாய்க்குக் கோபமே வரவில்லை, பாவம். தன் சீருடையைக் கழற்றிக் கொடுத்து, இடக்கையால் எனக்குப் பொத்தானும் போட்டுவிட்டார். தொப்பைக்கு நேரே இருந்த பொத்தான் மட்டும் தெறித்து ஓடியது.

"மெடலை நீங்களே வச்சுக்குங்க சார். என்னை வீட்டுக்கு விட்டாங்கன்னா போதும்," என்றார்.

விழா முடிந்ததும் அவரைக் கையோடு அழைத்துப் போவதற்காகவே அவருடைய மனைவி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விழா என்றால் அப்படி ஒரு விழா! நான் குண்டு மழைக்குள் நடந்து வந்ததை அறிவிப்பாளர் விவரித்தபோது எனக்கே புல்லரித்தது. அடித்தேன் பாருங்கள் ஒரு சல்யூட், அரங்கமே எழுந்து நின்றது. கைதட்ட முடியாத சிப்பாய், திரைக்குப் பின்னால் பனியனோடு நின்று தொடையைத் தட்டினார்.

ஆரவாரம் அடங்குவதற்குள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. சண்டை மும்முரமாம், பதக்கம் பெற்றவர் உடனே போர்முனைக்குத் திரும்ப வேண்டுமாம். நான் அவசரமாகப் பதக்கத்தைக் கழற்றப் போனேன். தலைவர் என் முதுகைத் தடவி ஆறுதல் சொல்லிவிட்டு, திரையை விலக்கிச் சிப்பாயைக் கூப்பிட்டார். இடக்கையாலும் துப்பாக்கி சுடலாம், அதற்கு விதியில் தடை எதுவும் இல்லை என்று விளக்கினார்.

சிப்பாயின் மனைவி மேடைக்கே ஏறி வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை, என்னைக் காட்டினார்.

"மெடல் வாங்க இவருதானே வந்தாரு? சண்டைக்கும் இவரையே அனுப்புங்க."

தலைவர் பதறிவிட்டார்.

"என்னம்மா பேசறீங்க? அங்க போயி இவரு கைக்கு ஏதாவது ஆயிட்டா, உங்க வீட்டுக்காரரோட அடுத்த மெடலை யாரு வாங்கறது?"