ஓஸ்கரியின் பேர்ப் பங்காளி

ஓஸ்கரி பாதிரியாருக்கு வயிற்றெரிச்சல். ஆப்பிரிக்காவில், ஓவாம்போ நாட்டு மிஷன் பங்களாவில், ஊருக்கே மருந்து கொடுக்கிற மனைவி பக்கத்திலேயே இருந்தும் தீராத வயிற்றெரிச்சல். தீருமா? அதைக் கொடுத்ததே அந்த மனைவிதான்.

லெம்பி அம்மா பிரசவம் பார்ப்பவள். பின்லாந்திலிருந்து புருஷனோடு வந்து இறங்கிய வாரமே மாட்டு வண்டிக்குள் வைத்து ஒரு பெண் குழந்தையை வெளியே எடுத்தாள். அந்தக் குழந்தைக்கு லெம்பி என்று பேர் வைத்தார்கள். அதோடு விட்டார்களா? அடுத்ததும் லெம்பி. அதற்கடுத்ததும் லெம்பி. இப்போது சாயங்காலத்தில் பாதிரியார் வாசலில் நின்று “லெம்பி, காபி” என்று குரல் கொடுத்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு படையே ஓடி வரும். மூக்கு ஒழுகுகிற லெம்பி, முன்பல் விழுந்த லெம்பி, ஆட்டுக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்ட லெம்பி. காபி மட்டும் வராது.

ஓஸ்கரி என்று ஒரு குழந்தை? மருந்துக்குக்கூடக் கிடையாது.

இத்தனை லெம்பிகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் யார்? இவர்தான். ஒவ்வொரு தலையிலும் தண்ணீர் விடும்போது இவருக்கு மட்டும் உள்ளே எரிந்தது. ஆண் குழந்தைகள் பிறக்காமல் இல்லை. பிறந்தார்கள். உபதேசியார் பேரில் பிறந்தார்கள், கொல்லன் பேரில் பிறந்தார்கள். முன்பு இங்கே இருந்த பாதிரியார் பேரில்கூட ஒரு பையன் திரிகிறான். அந்த மனிதர் கழுதையிலிருந்து விழுந்து கால் ஒடிந்து ஊர் போய்ச் சேர்ந்ததைத் தவிர இங்கே உருப்படியாக எதுவும் செய்ததில்லை.

இதைச் சாதாரண விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் குழந்தைக்குப் பேர் வைப்பது அப்பன். தன் மனசுக்குப் பிடித்த ஒரு ஆளின் பேரைத்தான் வைப்பான். அன்றிலிருந்து அந்த ஆளும் குழந்தையும் பேர்ப் பங்காளிகள். அவர் வேறு, இவன் வேறு இல்லை. ஆக, ஊரில் ஒரு ஓஸ்கரிகூட இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஓஸ்கரியைப் பிடித்தவன் ஊரில் ஒருத்தன்கூட இல்லை என்று அர்த்தம். இதை நினைத்தால் அவருக்குக் கம்பங்களி தொண்டையில் இறங்காது.

போதாததற்கு அவருடைய ஆஸ்திகளையும் லெம்பி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் ஞாபகத்தில் ஆசை ஆசையாக ஒரு நீராவிக் குளியல் குடில் கட்டினார். இந்த வெயிலில் காசில்லாமல் வேர்க்கும்போது இவர் ஏன் தனியாக ஒரு குடில் கட்டி வேர்க்கிறார் என்று ஊர் வாயைப் பொத்திச் சிரித்தது. அவர் அதில் ஒரு வாரம்கூட முழுசாகக் குளிக்கவில்லை. பின்லாந்தில் நாமெல்லாம் இந்த மாதிரிக் குடிலில்தானே பிறந்தோம் என்று சொல்லி லெம்பி அதைப் பிரசவ அறையாக்கிவிட்டாள்.

மிச்சம் இருந்தது அவருடைய படிப்பறை ஒன்றுதான். தடித்த மண்சுவர், உயரமான கூரை வேய்ந்த அறை. வெளியே மண் கொதிக்கும்போதும் உள்ளே குளுகுளு என்றிருக்கும். அதில் ஒரு ஆடுநாற்காலி. அங்கே உட்கார்ந்துதான் பிரசங்கம் எழுதுவார். எழுதும்போது குறட்டைச் சத்தமும் கேட்கும். பிள்ளை பெற்றவர்கள் தகரக் கொட்டகையில் கிடந்து வேகிறார்கள், அந்த அறையைக் கொடு என்று லெம்பி வருஷா வருஷம் கேட்டாள்.

“அது தேவ வார்த்தை பிறக்கிற இடம்” என்பார் அவர்.

“பொறக்கட்டும். பொறந்த பிள்ளைங்க எங்க படுக்கிறது?”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். என் உயிர் போனாலும் இந்த அறை போகாது என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வரும்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில் பாதிரியார் ஒரு சபதம் எடுத்தார். மழை விடுவதற்குள் இந்த ஊரில் ஒரு ஓஸ்கரி பிறந்தாக வேண்டும்.

ஆளையும் தேர்ந்தெடுத்துவிட்டார். மிஷன் மாட்டு வண்டியை ஓட்டும் ஷிக்கோங்கோ. வேலிக்கு அடுத்த வீடு. அவன் மனைவி நெலாகோ நிறைமாசம். ஒரு நாள் காலையில் பாதிரியார் போய் அவன் அடுப்பங்கரையில் மரக்கட்டையைப் போட்டு உட்கார்ந்தார். புளித்த கம்பங்கூழை மூக்கைப் பிடிக்காமல் குடித்தார். மாடு, மழை, வெள்ளத்தில் வந்த மீன் எல்லாம் பேசி முடித்து மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

“ஷிக்கோங்கோ, உன் மனசுக்குப் பிடிச்ச ஆளுன்னு யாராச்சும் உண்டா?”

“உண்டு ஐயா.”

பாதிரியார் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். “யாரு?”

“எங்க மாமா. அந்தண்டை ஊர்ல இருக்காரு. தங்கமான மனுஷன். போன தடவ பாத்தப்ப எனக்கு ஒரு தொப்பி தரேன்னாரு.”

மறுநாள் பாதிரியாரின் வைக்கோல் தொப்பி ஷிக்கோங்கோவின் தலையில் இருந்தது.

மாமா அத்தோடு ஓயவில்லை. அவர் கோடாலி தருவதாகவும் சொல்லியிருந்தாராம். கோடாலி போயிற்று. மாமா வந்தால் பிள்ளைத்தாச்சியைக் கம்பு குத்த விடமாட்டாராம், தானே உலக்கையைப் பிடிப்பாராம். பாதிரியார் உலக்கையைப் பிடித்தார். அந்த ஊரில் ஆம்பிளை கம்பு குத்தி யாரும் பார்த்ததில்லை. பெண்கள் வேலியில் ஏறி நின்று பார்த்தார்கள். சிலர் பார்க்கச் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தார்கள். மாமாவின் நல்ல குணங்கள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போயின. கண்ணால் பார்க்காத அந்த மாமன் மேல் பாதிரியாருக்கு வந்த பொறாமை, பெண்டாட்டி மேல் வந்த பொறாமையையும் மிஞ்சிவிட்டது.

தொப்பி இல்லாத தலையோடும் தோல் உரிந்த மூக்கோடும் வந்து நின்றவரை லெம்பி ஏற இறங்கப் பார்த்தாள்.

“தொப்பி எங்கே?”

“காத்துல போச்சு.”

“கோடாலி?”

“அதுவும்தான்.”

“பலமான காத்துதான்” என்று சொல்லிவிட்டு மூக்குக்கு எண்ணெய் எடுத்து வந்தாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் உஷாராகிற ஜாதகமா அது?

நெலாகோவுக்கு ஒரு விடியற்காலையில் வலி எடுத்தது. குடிலுக்குள் லெம்பி, வெளியே கொட்டுகிற மழையில் பாதிரியாரும் ஷிக்கோங்கோவும். ஆண் குழந்தையாகக் கொடு, ஆண் குழந்தையாகக் கொடு என்று அன்றைக்கு அவர் செய்த ஜெபத்தைப் பெற்றவனே செய்யவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து வீல் என்று ஒரு சத்தம். பையன் என்று லெம்பி சொன்னாள்.

பாதிரியார் ஷிக்கோங்கோவைப் பார்த்தார். ஷிக்கோங்கோ வானத்தைப் பார்த்தான். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. “மாமா தங்கமான மனுஷன்தான்” என்று இழுத்தான். “ஆனா ஒரு மழைக்கோட்டு வாங்கித் தரணும்னு அவருக்குத் தோணல பாருங்க.”

பாதிரியார் மழைக்கோட்டைக் கழற்றினார்.

“ஓஸ்கரி” என்றான் ஷிக்கோங்கோ, பொத்தானைப் போட்டுக்கொண்டே.

நனைந்த கோழியாக வீட்டுக்குப் போனாலும் பாதிரியாரின் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மருலா மரத்தடியில் பேர் விருந்து. கோழியும் களியும் கீரையும் அமர்க்களப்பட்டன. பேர்ப் பங்காளி எழுந்து நின்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும் என்பது முறை. குழந்தையைக் கையில் ஏந்தி, லெம்பிகளை எல்லாம் வெற்றிப் பார்வை பார்த்து, பாதிரியார் ஆரம்பித்தார். இன்றிலிருந்து இவன்தான் நான், நான்தான் இவன். என்னுடையதெல்லாம் இவனுடையது.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல” என்றாள் லெம்பி. “இன்னொரு தடவ சத்தமாச் சொல்லு.”

பிரசங்கத்துக்கே இந்த மனுஷி இவ்வளவு ஆர்வம் காட்டியதில்லை. அவர் பூரித்துப்போய்த் தொண்டை கிழியச் சொன்னார். அக்கம்பக்கத்து மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

மறுநாள்தான் தெரிந்தது. ஒருத்தன் பேரை வைத்தால் உறவும் சேர்ந்தே வரும். குழந்தை ஓஸ்கரி என்றால் லெம்பிக்கு அவன் யார்? புருஷன். ஊர்ப் பெண்கள் அப்படித்தான் கேலி பேசினார்கள், லெம்பியும் அப்படித்தான் கொஞ்சினாள். வாங்க வீட்டுக்காரரே, தூங்கினீங்களா வீட்டுக்காரரே என்று அவனை மடியில் போட்டுத் தட்டினாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்தப் பெரிய ஓஸ்கரியை அவள் ஒரு தடவை அப்படிக் கேட்டதுண்டா? அவன் ஏப்பம் விட்டால் கைதட்டினாள். இவர் விட்டால் மேஜையைவிட்டு எழுந்து போகச் சொல்வாள்.

அவருக்கென்று ஞாயிறுதோறும் சுடும் ஏலக்காய் ரொட்டியும் நெலாகோவுக்குப் போயிற்று. கேட்டால், ஓஸ்கரிக்குப் பால் வேண்டும், அவன் அம்மா சாப்பிட்டால்தான் பால் வரும் என்று நியாயம் சொன்னாள்.

“நானும் ஓஸ்கரிதான்” என்றார் பாதிரியார். அவருக்கே அது கொஞ்சம் பரிதாபமாகக் கேட்டது.

“உன் அம்மா பின்லாந்துல இருக்காங்க. அங்க போய்க் கேளு.”

இதற்கும் மேல் அந்த வாரக் கடைசியில் மழை விட்டு வெயில் கொளுத்தியது. மத்தியானம் ஆடுநாற்காலியில் பாதிரியார் தேவ வார்த்தைக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தபோது லெம்பி உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் பாயும் தலையணையுமாக நெலாகோ.

“எழுந்திரு. தகரக் கொட்டகையில ஓஸ்கரி வெந்துபோறான்.”

“இது என் அறை.”

“ஆமா. உன்னுதெல்லாம் அவனுது. ஊரே கேட்டுச்சு. ரெண்டு தடவ சொன்ன.”

பாதிரியார் நேராக ஷிக்கோங்கோவிடம் ஓடினார். இவரது கோடாலியால் விறகு வெட்டிக்கொண்டிருந்தவன், இவரது தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தான். சங்கதியைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். பேர்ப் பங்காளி வாக்கு மாறினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள், நான் கிறிஸ்தவன், எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது, ஆனால் என் மாமியார் இருக்கிறாளே என்றான்.

“ஒண்ணும் கஷ்டமில்ல ஐயா. அறை உங்களுக்கே இருக்கட்டும். பேர மாத்திடலாம். மாமா பேரு காலியாத்தான் இருக்கு. இப்பவே போய்ச் சொல்லிடவா?”

பாதிரியார் அந்த வெயிலில் வெகுநேரம் நின்றார். ஒரு பக்கம் குளுகுளு அறை, ஆடுநாற்காலி, மத்தியானத் தூக்கம். இன்னொரு பக்கம் ஊரிலேயே ஒரே ஒரு ஓஸ்கரி. தன்னைப் பிடித்து ஒருத்தன் வைத்த ஒரே ஒரு பேர். வேண்டாம், பேர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். தன் பிரசங்கக் காகிதங்களைத் தானே எடுத்து மரத்தடிக்குக் கொண்டு போனார்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? ஓஸ்கரி இருக்கிற வீட்டுக்கு விருந்தாளி வரக் கூடாதா என்றாள் லெம்பி. கொட்டகையில் கிடந்த தாய்மார்கள் எல்லாரும் விருந்தாளிகளாக வந்து சேர்ந்தார்கள். கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். ஆடுநாற்காலி பகலெல்லாம் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த வாரம் அங்கே வந்து படுத்த குழந்தை ஒரு பெண். பேர் லெம்பி.

ஒரு சாயங்காலம் லெம்பி துவைத்த துணிகளை மரத்தடிக்குக் கொண்டுவந்து மடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாதிரியார் பேச்சை எடுத்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், லெம்பி. இந்த ஊர்ல இருக்கிற பேரெல்லாம் உன்னுது. அறையும் உன்னுது. ஆனா இந்த ஒரு பேரு நான் பாடுபட்டுச் சம்பாதிச்சது. தொப்பி கொடுத்து, கோடாலி கொடுத்து, கம்பு குத்தி வாங்கினது. இதுல உனக்குப் பங்கு கிடையாது.”

லெம்பி ஒரு துணியை உதறினாள். “தொப்பி வீண்.”

“ஏன்?”

“மழைக்கு முன்னாடியே நான் ஷிக்கோங்கோகிட்ட கேட்டு வெச்சுட்டேன். பையன் பொறந்தா உன் பேரத்தான் வைக்கணும்னு. எத்தன வருஷமா அந்த அறையக் கேட்டேன், நீ தந்தியா? ஓஸ்கரின்னு ஒருத்தன் வந்தா அவன் தருவான்னு தெரியும்.”

பாதிரியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அவன் மாமா?”

“எந்த மாமா? அவன் அம்மாகூடப் பொறந்ததெல்லாம் பொண்ணுங்க.”

தொப்பி, கோடாலி, மழைக்கோட்டு எல்லாம் வரிசையாக அவர் கண்முன் நடந்து போயின. அப்படியென்றால் இந்த ஊரில் தன்னை ஒருத்தருக்குமே பிடிக்காதா என்று ஈனசுரத்தில் கேட்டார்.

“எனக்குப் பிடிக்குமே” என்றாள் லெம்பி. “இல்லன்னா இருக்கிற பேர விட்டுட்டு உன் பேரப் போய் ஏன் கேக்கிறேன்?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தன் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து அறைக்குள் ஓஸ்கரி அழுதான். துணியைப் போட்டுவிட்டு, வந்துட்டேன் வீட்டுக்காரரே என்று லெம்பி ஓடினாள். நீட்டிய கையோடு இவரும் பின்னாலேயே எழுந்து போனார். அவள் வாசலிலேயே நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எங்க வர்ற? பிள்ளை பெத்தவங்க இருக்கிற எடம். உள்ள ஆம்பளைங்க வரக் கூடாது, ஓஸ்கரியைத் தவிர.”